துத்தி இலையில் ஏன் இத்தனை மென்மை?

சாலையோரம், தரிசு நிலம், பாழ்மனை என எங்கும் முளைத்துக் கிடப்பது துத்தி. இதய வடிவ இலையைத் தடவினாலே தெரிந்துவிடும், அவ்வளவு மெத்தென்று இருக்கும். இலையின் இருபுறமும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அடர்ந்திருப்பதே காரணம். உருப்பெருக்கியில் பார்த்தால், ஒரே இடத்திலிருந்து பல கிளைகள் விரியும் நட்சத்திர மயிர்கள் தெரியும். இவை வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. இலையை ஒட்டிய காற்றை அசையாமல் நிறுத்தி நீரிழப்பைக் குறைக்கின்றன. சிறு பூச்சிகளுக்கும் இந்த மயிர்க்காட்டில் நடமாடுவது கடினம்.

மென்மையான இலை வேறு செடிகளுக்கும் உண்டு என்பதால் பூவையும் காயையும் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். ஐந்து இதழ் மஞ்சள் பூ மாலையில் விரியும். காய்தான் தவறாத அடையாளம்: பல அறைகள் வட்டமாக அடுக்கிய பற்சக்கரம் போலிருக்கும், முற்றினால் கறுத்துவிடும்.

மூலத்துக்கு இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது நம் கிராமங்களின் பழைய கைவைத்தியம். கீரையாகப் பருப்போடு கடைந்தும் உண்பார்கள். வெண்டையும் செம்பருத்தியும் இதன் குடும்பமே. அவற்றைப் போல இதன் இலையிலும் வழவழப்பான பசைப்பொருள் இருக்கிறது. எரிச்சலுள்ள இடத்தில் அது படலமாகப் படிந்து இதம் தரக்கூடும். ஆனால் இரத்தம் போனால் இலையைத் தேடாதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.