ஊரார் சூட்டிய முடி

ராஜா எப்படி ராஜாவாகிறான் என்ற கேள்விக்கு உலக சரித்திரத்தில் பெரும்பாலும் ஒரே விடைதான் உண்டு: அவன் தகப்பன் ராஜாவாயிருந்தான். இந்த விடை செல்லாமற்போன சந்தர்ப்பங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றை இங்கே சொல்லப் புகுகிறோம். ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கிப் போட்ட ஒரு சிறு திண்ணை போல் அமைந்திருக்கிறது போர்ச்சுகல் தேசம். அங்கே 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தையற்காரரும் கொல்லரும் பீப்பாய் கட்டுவோருமாகச் சேர்ந்து, பட்டத்துக்கு முறையான பாத்தியதை இல்லாத ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வந்து சிம்மாசனத்துக்கு வழி செய்து கொடுத்தார்கள். அவ்வாறு ஏறியவர் 48 ஆண்டுகள் அரசு புரிந்தார். அவர்தாம் முதலாம் ஜோவான்.

போர்ச்சுகல் என்றவுடன் நம் பள்ளிப் பிள்ளைகள் வாஸ்கோ ட காமா என்கிறார்கள். பெரியவர்கள் கோவா என்கிறார்கள். 1510 முதல் 1961 வரை நம் நாட்டின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்த தேசம் என்பதே நமக்கு அதன் அறிமுகம். ஆனால் அந்தத் தேசமே ஒரு காலத்தில் அந்நியன் வாயில் விழ இருந்து மயிரிழையில் தப்பியது என்பதை நம்மில் அறிந்தவர் சொற்பம்.

1383-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் தேதி பெர்னாந்து மன்னர் காலமானார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. பத்து வயதுப் பெண் பெயாத்ரீஸ் ஒருத்திதான். அந்தச் சிறுமியை அதே ஆண்டில்தான் அண்டை நாடாகிய காஸ்டீலின் அரசருக்கு மணம் செய்து கொடுத்திருந்தார்கள். காஸ்டீல் என்பது இன்றைய ஸ்பெயினின் பெரும் பகுதி. போர்ச்சுகலைப்போல் பல மடங்கு பெரிது. பெர்னாந்து மும்முறை அதனோடு போர் தொடுத்து மும்முறையும் தோற்றவர். ஆக, வாளால் வெல்ல முடியாதவனுக்கு மகளோடு தேசத்தையும் தாரை வார்த்துக் கொடுத்தது போலாயிற்று. உடன்படிக்கையில் நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. பெயாத்ரீஸின் குழந்தை வயதுக்கு வரும் வரையில் விதவை ராணி லெயோனோர் ராஜ்யத்தைப் பரிபாலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாமனார் கண் மூடியதும் மருமகன் அந்தக் காகிதத்தை மறந்து, தம்மையே போர்ச்சுகலின் அரசர் என்று சொல்லிக்கொண்டு எல்லையைத் தாண்டினார். அவர் பெயர் ஹுவான். ஹுவான், ஜோவான் இரண்டும் ஒரே பெயர்தான். நம் ஊர் வேதாகமத்தில் யோவான் என்று வழங்குவதே.

பெரிய பிரபுக்களில் பலர் காஸ்டீல் பக்கமே சாய்ந்தார்கள். அரசர் யாராயிருந்தாலும் பிரபுவின் நிலம் பிரபுவுக்குத்தானே? துறைமுகத்திலும் கடைவீதியிலும் பிழைப்பவனுக்கு அப்படியல்ல. வரியை எந்த ஊரில் விதிப்பார்கள், நியாயத்தை எந்த மொழியில் சொல்வார்கள் என்பது அவனுடைய அன்றாடச் சோற்றைத் தொடுகிற விஷயம். லிஸ்பன் நகரத்து ஜனங்கள் குமுறினார்கள். ராணியார் மீதும், அவருக்கு அந்தரங்கமானவர் என்று ஊர் முழுவதும் பேசப்பட்ட அந்தேய்ரோ என்ற பிரபுவின் மீதும் அவர்களுக்கு இருந்த வெறுப்புக்கு அளவில்லை.

இந்த நிலையில் எல்லோர் கண்ணும் ஒருவர் மேல் சென்றது. ஜோவான், காலஞ்சென்ற மன்னரின் தம்பி முறை. ஆனால் தந்தை முறைப்படி மணக்காத ஒரு மாதுக்கு 1357-இல் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே அவிஸ் என்னும் மத வீரர் சங்கத்தின் தலைவராக்கப்பட்டார். விரதம் பூண்டவர் ஆதலால் சம்சாரம் கூடாது. முடி சூட இதைவிடக் குறைந்த யோக்கியதை உடைய ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்!

டிசம்பர் 6-ஆம் தேதி ஜோவான் அரண்மனைக்குள் சென்று, ராணியார் இருந்த அறைக்கு அருகிலேயே அந்தேய்ரோவை வெட்டி வீழ்த்தினார். முன்னேற்பாட்டின்படி ஒரு பையன் குதிரை மேல் ஏறி, 'தலைவரைக் கொல்கிறார்கள், ஓடி வாருங்கள்' என்று கூவிக்கொண்டு வீதி வீதியாய்ப் பாய்ந்தான். வெட்டியவர் யார், வெட்டுப்பட்டவர் யார் என்று யார் விசாரித்தார்கள்? ஊரே திரண்டு விட்டது. அரண்மனைக் கதவைக் கொளுத்தச் சிலர் விறகு சுமந்து வந்தார்கள். சுவரேறச் சிலர் ஏணி கொண்டு வந்தார்கள். கடைசியில் ஜோவான் ஜன்னலில் தலை நீட்டி, தாம் உயிரோடிருப்பதைக் காட்டிய பிறகே கூட்டத்தின் ஆவேசம் ஆனந்தமாக மாறிற்று. (ஜன்னல் என்ற சொல்லே அவர்கள் மொழியிலிருந்து நம் வீட்டுச் சுவரில் ஏறியதுதான். பீப்பாயும் அப்படியே.)

அன்று நடந்தவை யாவும் மெச்சத் தக்கவை அல்ல. பிரதான ஆலயத்தில் மணி அடிக்கவில்லை என்று கோபங்கொண்ட கும்பல், காஸ்டீலில் பிறந்தவரான லிஸ்பன் பிஷப்பை ஆலய கோபுரத்திலிருந்து கீழே தள்ளிக் கொன்றது. தேசாவேசம் என்ற பெயரைச் சொல்லி இதற்குச் சுண்ணாம்பு அடிக்க நாம் தயாராயில்லை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவுக்கும் காரணமான ஜோவான் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட யோசித்துக்கொண்டிருந்தார்! ஜனங்கள் விடவில்லை. தேசத்தின் ஆட்சியாளராகவும் ரக்ஷகராகவும் இருக்க வேண்டும் என்று அவரை வற்புறுத்தினார்கள். ஆனால் நகரத்துச் செல்வர்களோ, நாளைக்குக் காஸ்டீல் வென்றால் என்ன ஆவது என்று வாயைத் திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அபோன்ஸோ ஆனேஸ் பெனேதோ என்ற பீப்பாய்த் தொழிலாளி எழுந்து வாளின் மேல் கை வைத்தானாம். பணயம் வைக்கத் தன் கழுத்தைத் தவிர வேறு சொத்து தன்னிடம் இல்லை என்றும், சம்மதிக்காதவர்கள் தங்கள் கழுத்தோடு வெளியே போகப் போவதில்லை என்றும் பொருள்பட இரண்டு வார்த்தை சொன்னானாம். செல்வர்கள் சம்மதித்தார்கள்.

இதைச் சொல்பவர் பெர்னாவ் லோப்பஸ் என்ற சரித்திராசிரியர். அரசாங்க தஸ்தாவேஜு சாலையின் காப்பாளராக 1418 முதல் இருந்தவர். அக்காலத்து எழுத்தாளர்கள் ராஜாக்களின் பெயரையும் பிரபுக்களின் பெயரையுமே எழுதி வந்தபோது, ஒரு பீப்பாய்க்காரனின் பெயரை ஏட்டில் ஏற்றியதற்காகவே இந்த லோப்பஸுக்கு நாம் நமஸ்காரம் செலுத்தலாம். கைத்தொழில் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் இருவராக 12 வகுப்புகளின் பிரதிநிதிகள் கூடிய 'இருபத்துநால்வர் சபை' லிஸ்பனில் எழுந்ததும் இந்தக் கிளர்ச்சியின் பயனே. அந்தச் சபை 1834 வரையில் நிலைத்திருந்தது.

1384-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் காஸ்டீல் சேனை லிஸ்பனை வளைத்துக்கொண்டது. தரையிலும் தாகஸ் நதியிலும் வழி அடைபட்டது. ஜூலையில் வடக்கே போர்த்தோ நகரத்தார் அனுப்பிய கப்பல்கள் முற்றுகையைப் பிளந்து தானியம் கொண்டு வந்தன. அது எத்தனை நாளைக்கு? கோதுமை விற்ற இடங்களில் மண்ணைக் கிளறி, சிந்திய மணிகளைப் பொறுக்கித் தின்ற ஆண்களையும் பிள்ளைகளையும் பற்றி லோப்பஸ் எழுதியிருக்கிறார். புல்லைத் தின்று வயிறு வீங்கியவர்களும் உண்டு. நகரத்தைக் காப்பாற்றியது வாள் அல்ல, கொள்ளை நோய். பகைவர் பாளயத்தில் அது புகுந்து சேனாதிபதிகளையே வாரிக்கொண்டு போகவே, செப்டம்பர் 3-ஆம் தேதி ஹுவான் முற்றுகையைக் கைவிட்டார்.

மறு வருஷம் கோயிம்ப்ரா நகரில் தேச மகாசபை கூடிற்று. பொலோஞாவில் சட்டம் பயின்ற ஜோவான் தாஸ் ரெக்ராஸ் என்ற வழக்கறிஞர் அங்கே வாதித்த சாமர்த்தியத்தை நம் வக்கீல்கள் கேட்டிருக்க வேண்டும். பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய ஒவ்வொருவரையும் அவர் வரிசையாக விலக்கினார். பெயாத்ரீஸின் தாய் தந்தையர் கல்யாணம் செல்லாது; ஹுவான் உடன்படிக்கையை மீறியவர், தவிர, தவறான போப்பைப் பின்பற்றுகிறவர்; மற்ற ராஜகுமாரர்களின் பிறப்பும் சட்டத்துக்கு உட்பட்டதல்ல. எல்லோரும் விலகிய பின் மிஞ்சியது என்ன? சிம்மாசனம் காலி. காலியான சிம்மாசனத்துக்கு ஆளைத் தேர்வது யார் பொறுப்பு? இங்கே கூடியிருக்கிற ஜனங்களின் பொறுப்பு! 1385 ஏப்ரல் 6-ஆம் தேதி ஜோவான் மன்னரானார்.

வாதத்தில் வென்றது இனிப் போர்க்களத்தில் செல்ல வேண்டும். ஆகஸ்ட் 14-ஆம் தேதி, கொளுத்தும் வெயிலில், அல்ஜுபரோத்தா என்ற ஊருக்கு அருகே இரு சேனைகளும் சந்தித்தன. போர்ச்சுகல் பக்கம் ஏறக்குறைய 7,000 பேர். அவர்களில் சில நூறு இங்கிலீஷ் வில்லாளிகள். எதிர்ப் பக்கத்தின் கணக்கைச் சரித்திரக்காரர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை. பன்மடங்கு அதிகம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. சேனாதிபதி நூனோ ஆல்வாரெஸ் பெரெய்ரா 25 வயது இளைஞர். அவருடைய சகோதரர்களோ எதிரியின் வரிசையில் நின்றார்கள்.

நூனோ தேர்ந்த இடம் ஒரு குறுகிய மேட்டு நிலம். இரு புறமும் ஓடைப் பள்ளங்கள். பகைவர் எத்தனை பேராயிருந்தாலும் புனல் வாயில் நுழையும் எண்ணெய் போல நெருங்கித்தான் வந்தாக வேண்டும். முன்புறத்தில் குழிகளும் அகழிகளும் வெட்டி மறைத்து வைத்தார்கள். ஏடுகளில் மட்டுமே இருந்த செய்தி அல்ல இது. 1958-இல் தொடங்கிய அகழ்வாராய்ச்சியில் நூற்றுக்கணக்கான குழிகள் வரிசை வரிசையாக அகப்பட்டன. மாலைப் பொழுதில் காஸ்டீல் வீரர்கள் பாய்ந்தார்கள்; இடுக்கில் ஒருவரையொருவர் நெருக்கி, குழிகளில் இடறி, அம்பு மழையில் அகப்பட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. நூனோவின் தமையன் பெத்ரோ எதிர்ப் பக்கத்தில் மாண்டார். ஹுவான் இரவோடிரவாகக் குதிரையேறி சாந்தரேம் சென்று, படகேறி, தம் கப்பல்களை அடைந்து ஊர் போய்ச் சேர்ந்தார். ஓடிய வீரர்களில் எழுவர் ஒரு ரொட்டிக் கடையின் அடுப்பில் ஒளிந்ததாகவும், கடைக்காரி பிரித்தெஸ் ரொட்டித் துடுப்பாலேயே அவர்களைத் தீர்த்ததாகவும் ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் போர்ச்சுகலில் அதை அறியாத குழந்தை இராது.

வெற்றிக்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1386-இல் விண்ட்ஸர் நகரில் இங்கிலாந்தோடு நட்பு உடன்படிக்கை ஆயிற்று. 1387-இல் இங்கிலீஷ் அரச குடும்பத்துப் பிலிப்பாவை ஜோவான் மணந்தார். விரதத்தை விலக்கப் போப்பாண்டவரின் அனுமதி பின்னால்தான் வந்து சேர்ந்தது. பிலிப்பா மக்களைப் படிப்பில் வளர்த்தாள் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்வது. ஸிந்த்ரா அரண்மனையில் ஒரு கூடத்து விதானம் முழுவதும் மேக்பை என்னும் காக்கை இனப் பறவைகளை எழுதியிருக்கிறார்கள். அரசர் ஒரு தோழிப் பெண்ணுக்கு முத்தமிட்டதை ராணி பார்த்துவிட்டதாகவும், அரண்மனைப் பெண்களின் வாய் ஓயாததால் அவர்களுக்காக இந்த வாயாடிப் பறவைகளை அரசர் எழுதுவித்ததாகவும் சொல்வார்கள்.

காஸ்டீலோடு நிலையான சமாதானம் 1411-இல்தான் ஏற்பட்டது. அதுவரை நடந்த சண்டைக்காக நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக் குறைத்து அடித்ததில் விலைவாசி ஏறி, முடி சூட்டியவர்களின் வயிற்றிலேயே அடி விழுந்தது. இதைச் சொல்லாமல் இந்த அரசரின் புகழை மட்டும் பாடுவது நியாயமாகாது.

இனிச் சொல்லப்போவதுதான் நமக்கு முக்கியமான பகுதி. சமாதானம் வந்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. ஜோவானுக்கு 58 வயது. துறைமுகங்களில் கப்பல்கள் சேரத் தொடங்கின. எங்கே படையெடுப்பு என்று யாருக்கும் தெரியாது. ஹாலந்தின் மேல் என்று ஒரு பொய் வதந்தியைப் பரப்பினார்கள். பிலிப்பா ஜூலை 19-ஆம் தேதி கொள்ளை நோயால் இறந்தாள். அதற்கும் பயணம் நிற்கவில்லை. 1415 ஆகஸ்ட் 21-ஆம் தேதி, ஜலசந்திக்கு அப்பால் ஆப்பிரிக்கக் கரையில் இருந்த ஸியூட்டா என்ற மூர்களின் செழிப்பான வர்த்தக நகரம் ஒரே நாளில் பிடிபட்டது. வீடுகள் சூறையாயின. பெரிய மசூதியைக் கோவிலாக்கி, அதில் தம் மூன்று புதல்வர்களுக்கும் வீரப் பட்டம் அளித்தார் ஜோவான்.

பக்தி, வீரம், வர்த்தகம் என்று இதற்குக் காரணம் பல சொல்கிறார்கள். நாம் கேட்பது வேறு. லிஸ்பன் சுவருக்குள் பட்டினி கிடந்து அந்நியனை எதிர்த்த ஜனங்களின் அரசர் இவர். 31 வருஷத்துக்குள் கடல் தாண்டிப் போய் இன்னொருவர் ஊர்ச் சுவரில் ஏறினாரே, அந்தப் பழைய பசி நினைவுக்கு வரவில்லையா? ஸியூட்டாவில் லாபமும் கிட்டவில்லை. உள்நாட்டு வணிகர் வேறு துறைகளுக்குப் போய்விட, வெறும் கோட்டைக்குக் காவல் வைத்துச் செலவழிப்பதே மிச்சமாயிற்று. ஆயினும் கடல் தாண்டும் பழக்கம் நின்றதா? அரசரின் மகன் ஹென்றிக் அனுப்பிய கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையோரமாய் இறங்கின. 1498-இல் அந்த வழியின் முடிவில் இருந்தது கள்ளிக்கோட்டை.

ஜோவான் 1433 ஆகஸ்ட் 14-ஆம் தேதி, அல்ஜுபரோத்தா வெற்றியின் அதே நாளில், இறந்தார். நான்கு வருஷம் சென்று புதல்வர்கள் டாஞ்சியர் நகரையும் பிடிக்கப் போய்த் தோற்றார்கள். ஸியூட்டாவைத் திருப்பிக் கொடுப்பதாக வாக்களித்து, கடைசிப் பிள்ளை பெர்னாந்துவைப் பணயமாக விட்டு மீண்டார்கள். ஊரைக் கொடுப்பதா, தம்பியைக் கைவிடுவதா என்று சபை கூடி விவாதித்தது. ஊரைக் கொடுக்கவில்லை. பெர்னாந்து பெஸ் நகரத்துச் சிறையில் 1443-இல் இறந்தார்.

வெற்றியின் நினைவாக ஜோவான் எழுப்பிய பட்டாலியா மடத்தில், அவரும் பிலிப்பாவும் கையோடு கை கோத்துப் படுத்திருப்பது போல் கல்லறைச் சிலை அமைந்திருக்கிறது. அந்த மண்டபத்தின் தென்சுவரில் நான்கு புதல்வர்களின் கல்லறைகள் வரிசையாய் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று பெர்னாந்துவினுடையது. அவருடைய எலும்புகள் அங்கே வந்து சேர ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின.