சட்டை போட்ட கிருமி

நம் சங்கக் கூட்டங்களில் என் இடப்பக்கம் அமர்ந்து பேசிய நண்பர்கள் சிலர், நான் பதில் சொல்லாதது கண்டு, கர்வம் பிடித்தவன் என்று எண்ணியதுண்டு. கர்வமன்று, எனக்கு அந்தக் காது சரியாகக் கேட்காது. சிறு வயதில் அதில் சீழ் வடிந்தபோது, பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினாள். வளர்ந்தால் தானே நின்றுவிடும் என்றார்கள். சீழ் நின்றது, செவிப்பறையில் துளை மட்டும் நிலைத்துவிட்டது.

நுண்ணுயிரியல் பயில இங்கு வந்த பின்னரே இந்நோயின் வரலாற்றை நான் அறிந்தேன். அதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறு அறை ஒன்று உண்டு. அதிலிருந்து மூக்கின் பின்புறத்திற்கு ஒரு குழாய் செல்கிறது. குழந்தைகளுக்கு இக்குழாய் குட்டையானது. ஏறக்குறையப் படுக்கைவாட்டமாக இருப்பது. சளி பிடித்தால் குழாய் அடைபடும். மூக்கின் பின்னே குடியிருக்கும் கிருமிகள் அவ்வறையில் புகுந்து பெருகும். என் காதில் புகுந்தது எதுவென்று இன்று சொல்ல இயலாது. ஆனால் குழந்தைகளின் காதில் அடிக்கடி காணப்படுவது நிமோகாக்கஸ் என்னும் கிருமி.

கிருமியை விழுங்கி அழிப்பவை இரத்தத்தின் வெள்ளணுக்கள். விழுங்குவதற்கு முதலில் பிடி கிடைக்கவேண்டுமல்லவா? இரத்தத்திலுள்ள சில காவற் புரதங்கள் கிருமியின்மேல் ஒட்டிக்கொண்டு அந்தப் பிடியைத் தருகின்றன. நிமோகாக்கஸோ சர்க்கரைப் பொருளாலான வழவழப்பான உறையொன்றை மேலே போர்த்திக்கொள்கிறது. புரதங்கள் உறைக்கு அடியில் ஒட்டினாலும் வெள்ளணுவின் கைக்கு அவை எட்டுவதில்லை. திருவிழாவில் வழுக்கு மரம் ஏறும் இளைஞனைப்போல வெள்ளணு சறுக்கி விழுகிறது.

1928 இல் இலண்டனில் பிரெடரிக் கிரிஃபித் செய்த சோதனைகளில், உறையுள்ள கிருமியைச் செலுத்திய எலிகள் மாண்டன. உறையிழந்த கிருமியைப் பெற்றவை பிழைத்தன. கிருமியினம் ஒன்றே, சட்டைதான் உயிரைக் குடித்தது.

அச்சட்டையையே பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை நம் உடல் செய்துகொள்ள வல்லது. ஆயினும் தடைகள் இரண்டு. சட்டையில் நூறு வகைக்குமேல் உண்டு. ஒன்றுக்குச் செய்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் மற்றொன்றுக்குப் பயன்படாது. மேலும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் வெறும் சர்க்கரையைக் கண்டு வலுவான எதிர்ப்பொருளைச் செய்யாது. எனவே அறிஞர்கள் உறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துத் தடுப்பூசி செய்தனர். புரதத்தின் துணையால் குழந்தையின் உடல் சர்க்கரையையும் அடையாளம் கண்டுகொள்கிறது. நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2017 இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021 இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று முறை இலவசமாகப் போடப்படுகிறது.

இதனால் காதுநோய் அடியோடு ஒழிந்துவிடுமா? ஒழியாது. தடுப்பூசி சில வகைச் சட்டைகளையே அறியும். அன்றியும் ஹீமோபிலஸ் என்னும் வேறொரு கிருமி உண்டு. காதுநோய் தருவதில் பெரும்பாலானவற்றுக்கு உறையே இல்லை. அது நம் உடலிலிருந்தே சயாலிக் அமிலத்தை எடுத்துத் தன் மேற்பரப்பில் சூட்டிக்கொள்ளும். காவலுக்கு அது வீட்டு ஆளாகவே தோன்றும். போதாததற்குக் கூட்டமாகப் பசைப்படலம் அமைத்து உள்ளே பதுங்கிக்கொள்ளும். நாட்பட்ட காதுநோயுள்ள குழந்தைகளின் நடுச்செவியில் இத்தகைய படலங்கள் இருப்பதை 2006 இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். மருந்து எளிதில் அங்கு எட்டாது.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அக்காவிடமும் அண்ணியிடமும் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். தடுப்பூசியைத் தவறவிட வேண்டாம். பிள்ளையின் காதில் சீழ் கண்டால் எண்ணெய் ஊற்றாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். பறையில் துளையிருந்தால் அந்த எண்ணெய் உள்ளறைக்கே போய்விடும். என் பாட்டி அன்பில் குறைந்தவளல்லள். அவளுக்கு இதைச் சொல்வார் இல்லை, அவ்வளவுதான்.