வெட்டிய மரம்போல விழுந்தவர்

1924-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாயி ஒருவர் மேயோ கிளினிக்குக்கு வந்தார். வயது 49. நான்கு வருடங்களாக உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்தது. நடப்பதே பெரும்பாடு. தசைகள் திடீரென்று சுண்டி இழுக்கும். கையை ஊன்றக்கூட முடியாமல் வெட்டிய மரம்போல அப்படியே சாய்ந்துவிடுவார்.

அது என்ன நோய் என்று ஃபிரெடெரிக் மோர்ஷ் என்ற நரம்பியல் மருத்துவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்த மனிதரை அவர் மறக்கவில்லை. அதேபோல வந்தவர்களை ஒவ்வொருவராகக் குறித்துவைத்தார். 32 வருடங்களில் 14 பேர். 1956-ல் ஹென்றி வோல்ட்மன் என்ற மருத்துவரோடு சேர்ந்து அதை எழுதி வெளியிட்டபோதுதான் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது: 'ஸ்டிஃப் மேன் சிண்ட்ரோம்'. பெண்களுக்கே இது அதிகம் வருகிறது என்று தெரிந்த பிறகு 'மேன்', 'பெர்சன்' ஆனது.

பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. பெரும்பாலும் முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் தலைகாட்டும். எம்ஆர்ஐ எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஹாரன் சத்தம் கேட்டாலோ யாராவது லேசாக இடித்தாலோ, ஏன், மனம் பதறினாலோகூட உடம்பு விறைத்துக்கொள்ளும். தூங்கினால் தளர்ந்துவிடும். பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும்? "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். தெருவைக் கடக்கவே பயப்படுகிறாரே, இது மனநோய்தான் என்று முடிவுகட்டப்பட்டவர்கள் பலர். நடுத்தெருவில் ஒருமுறை விறைத்து விழுந்தவருக்குத் தெருவைக் கண்டால் பயம் வராதா? உடம்பு கொடுத்த பயத்தையே நோய்க்குக் காரணமாக்கினால் அந்த நோயாளி வேறு யாரிடம் போவார்?

காரணம் 1988-ல் பிடிபடத் தொடங்கியது. தசைகளை அடக்கிவைக்க நம் நரம்புகளுக்கு 'காபா' என்ற வேதிப்பொருள் வேண்டும். வண்டிக்கு பிரேக் மாதிரி. அதைத் தயாரிக்கும் 'ஜிஏடி' என்ற நொதியை உடலின் எதிர்ப்பு சக்தியே எதிரியாக எண்ணி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. நோயாளிகளில் பெரும்பாலோரின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் ஏராளமாக இருக்கும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடமும் அது குறைந்த அளவில் காணப்படுவதால், ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தசையில் ஊசி வைத்து மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனையும் தேவைப்படும். அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. டயஸிபாம் மாத்திரை, இம்யூனோகுளோபுலின் ஊசி, விடாத பிசியோதெரபி ஆகியவை விறைப்பைத் தளர்த்தும்.

'டைட்டானிக்' பாடகி செலின் டியோன் தனக்கு இந்த நோய் என்று 2022 டிசம்பரில் அறிவித்தார். அப்போது அவருக்கு 54 வயது. தொந்தரவுகள் 2008-லேயே தொடங்கிவிட்டதாகப் பின்னர் சொன்னார். பணமும் புகழும், விரும்பிய மருத்துவரைப் பார்க்கும் வசதியும் இருந்தவருக்கே நோயின் பெயர் தெரிய இத்தனை வருடங்கள் என்றால், பிளாஸ்டிக் கவர் நிறைய ரிப்போர்ட்டுகளோடு ஆஸ்பத்திரி வாசலில் டோக்கனுக்கு நிற்கும் நம் அக்காமார்களை நினைத்து மனசு கனக்கிறது.

2024-ல் வெளியான அவருடைய ஆவணப்படத்தில், சிகிச்சைக்கு நடுவே அவர் உடல் முழுவதும் விறைத்துப்போகும் காட்சியை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். பார்க்கவே முடியாத நிமிடங்கள் அவை. ஆனால் பார்த்தபோது ஒன்று உறைத்தது. மருத்துவரின் அறையில் இருக்கும் ஐந்து நிமிடத்தில் இந்த இழுப்பு பெரும்பாலும் வருவதில்லை. வீட்டில், கூடத்தில், பாத்திரம் விழுந்த சத்தத்தில்தான் வருகிறது. நோயாளியைப் பத்திரமாகப் படுக்கவைத்த கையோடு, கூட இருப்பவர்கள் போனில் அதைப் படம்பிடித்து, தேதியையும் நேரத்தையும் எழுதிவைத்து, அடுத்த முறை நரம்பியல் மருத்துவரின் மேஜைமேல் வையுங்கள்.