தர்பூசணி, எலுமிச்சை, புதினா: கோடை பானத்திலும் லாபம் பார்க்கலாம்

சித்திரை வெயிலில் மதுரையில் தாகத்துக்கு எப்போதும் விலை உண்டு. பழத்துக்குத்தான் எல்லா ஆண்டும் விலை கிடைப்பதில்லை. 2025 கோடையில், தர்பூசணியில் ஊசி மூலம் நிறம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவியதும் தமிழகம் எங்கும் விற்பனை சரிந்தது. விளைந்த பழத்தை வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் தவித்தனர்.

மண்டிக்கு அனுப்பும் பழத்தில் ஒரு பங்கையாவது, வாங்குபவர் கண் முன்னே அறுத்து, பிழிந்து, பானமாகக் கொடுத்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம் பகுதி விவசாயிகளுக்கு விமான நிலையச் சாலையே நல்ல சந்தை. தர்பூசணி வீரிய ஒட்டு ரகங்கள் 65 முதல் 75 நாளில் அறுவடைக்கு வரும். தை நடுவில் விதைத்தால் பங்குனி கடைசியில் பழம் கையில் இருக்கும். புதினாவைத் தண்டு நட்டு, தென்னை நிழலிலோ வரப்போரத்திலோ வளர்க்கலாம்.

10 டம்ளருக்குத் தேவையானவை

தர்பூசணி 3 கிலோ, எலுமிச்சை 4, நன்னாரிப் பாகு 150 மி.லி., புதினா 20 இலை, துளசி 10 இலை, விரல் நுனி அளவு இஞ்சி, உப்பு அரை டீஸ்பூன், ஊறவைத்த சப்ஜா விதை, குடிநீர் அரை லிட்டர்.

தோல் நீக்கி, விதை எடுத்த சதையை மசித்து வடிகட்டினால் ஏறக்குறைய 1.2 லிட்டர் சாறு கிடைக்கும். இலைகளை அரைக்க வேண்டாம். அரைத்தால் கசப்பும் பச்சை வாடையும் ஏறும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டால் மணம் மட்டும் இறங்கும். எலுமிச்சையை அழுத்திப் பிழிந்தால் விதையும் வெள்ளைத் தோலும் கசப்பைத் தரும். எல்லாவற்றையும் கலந்து, கடைசியில் சப்ஜா சேர்க்கவும்.

பாகுக்கு, 50 கிராம் நன்னாரி வேரைக் கழுவித் தட்டி, நடுவில் உள்ள கட்டையை நீக்கவும். ஒரு லிட்டர் வெந்நீரில் போட்டு, மூடி, இரவு முழுவதும் ஊறவிடவும். வேரைக் கொதிக்க வைத்தால் வாசம் ஆவியோடு போய்விடும். காலையில் வடிகட்டி, ஒன்றரை கிலோ சர்க்கரை சேர்த்து, கரையும் வரை மட்டும் சூடாக்கி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைக்கவும்.

தண்ணீரில்தான் இருக்கிறது சூட்சுமம்

இந்தப் பானத்தை நாம் கொதிக்க வைப்பதில்லை. ஆகவே பாசன நீர், கழுவும் நீர், ஐஸ் மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும்.

அவனியாபுரத்தை ஒட்டிய வெள்ளக்கல் பகுதியில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் உள்ளன. பக்கத்தில் கிணறோ, ஆழ்துளைக் கிணறோ வைத்திருப்பவர்கள் நீரைப் பரிசோதிக்காமல் புதினா போடக் கூடாது. மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவு தெரியும், கிருமி தெரியாது. அதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தை அணுகுங்கள். கழிவுநீர் கலந்த பாசனத்தில் தீவனப் புல் வளர்க்கலாம். பச்சையாகத் தின்னும் இலையை வளர்க்கக் கூடாது.

பழத்தை அறுப்பதற்கு முன் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள். தோலில் உள்ள கிருமி கத்தியோடு சதைக்குள் போகும். 2011-ல் அமெரிக்காவில் ஒரு பண்ணையின் முலாம்பழத்தில் பரவிய லிஸ்டீரியா கிருமியால் 33 பேர் இறந்தனர். பழம் கழுவிக் கட்டும் கூடத்தில் தேங்கிய நீரும், சரியாகச் சுத்தம் செய்ய முடியாத கருவிகளும் காரணங்களாகக் கண்டறியப்பட்டன.

இலைகளை மண் போக அலசிய பின், 10 லிட்டர் நீரில் 5 சதவீதச் செறிவுள்ள, உணவுப் பயன்பாட்டுக்கான சோடியம் ஹைப்போகுளோரைட் 10 மி.லி. கலந்து 5 நிமிடம் ஊறவிடவும். பிறகு குடிநீரில் நன்றாக அலசவும்.

ஐஸ் விஷயத்தில், உணவுக்கு அல்லாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது 2018 ஜூன் முதல் நடைமுறை. மீனைப் பதப்படுத்தும் அந்த ஐஸைத் தொடாதீர்கள். குடிநீரில் செய்த ஐஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். அதையும் பானத்துக்குள் போடாமல், பாத்திரத்தைச் சுற்றி அடுக்கினால் இன்னும் பாதுகாப்பு.

பாட்டிலில் அடைக்கலாமா?

தர்பூசணிச் சாற்றைப் பாட்டிலில் அடைத்து வைத்து விற்க ஆசைப்படாதீர்கள். அதில் புளிப்பு மிகக் குறைவு. கிருமி சீக்கிரம் பெருகும். எலுமிச்சை ருசியைத் தூக்கும், ஓரளவு தடுக்கும். நாள் கணக்கில் காக்காது. குளிர வைத்து இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் விற்றுவிடும் அளவுக்கே கலக்குங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

அடைத்து விற்க ஏற்றது எலுமிச்சை ஸ்குவாஷ். அதில் பழச்சாறு 25 சதவீதம், கரையும் திடப்பொருள் 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. பதப்படுத்தும் பொருளின் அளவைக் கண்ணால் போடக் கூடாது. மதுரையில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரியில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். சாலையோரம் விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம்.

வியாபாரி கிலோவுக்கு என்ன விலை கேட்டாலும், 3 கிலோ பழம் 10 டம்ளராகும் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், டம்ளர், ஆள் கூலி எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மீதி நிற்கிறது என்றால், முதல் வாரம் நாளுக்கு 5 பழத்தோடு தொடங்குங்கள். அதற்கு முன்பே தண்ணீர்ப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.