கடைக்குப் பூட்டு உண்டு, கணினிக்கு?

திருடன் என்றால் நள்ளிரவில் சுவரில் கன்னம் வைத்து வருபவன் என்றுதான் பாட்டிமார் சொன்ன கதைகளில் நாம் கேட்டிருக்கிறோம். அவனுக்கு அஞ்சித்தான் மயிலாப்பூர் மாட வீதிகளில் சிறு கடை வைத்திருப்போர் இரவில் ஷட்டரை இழுத்து மூடி, இரு பக்கமும் பூட்டி, பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்புகின்றனர். ஆனால் இன்று கல்லாப்பெட்டியில் இருப்பதைக் காட்டிலும் அதிகமான பணமும் விவரங்களும் கடையின் கணினியிலும் முதலாளியின் கைப்பேசியிலும் அல்லவா இருக்கின்றன? கன்னக்கோல் இல்லாமலே அவற்றைத் திருடுவோர் எங்கோ ஒரு நாட்டில் பகல் வேளையில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் மருந்துக்கடை, துணிக்கடை, தையற்கடை, அச்சகம் நடத்துவோரின் பெண்கள் பலர் உள்ளனர். கடைப் பணம் போனால் எங்கள் பள்ளிக் கட்டணமும் கடைப் பையனின் சம்பளமும் சேர்ந்தே போகும். "நம்மிடம் என்ன இருக்கிறது? திருடர்கள் பெரிய வங்கிகளைத்தானே தேடிப்போவார்கள்" என்று பெற்றோர் சொல்வதுண்டு. வங்கிக்கு நேர்ந்ததையே முதலில் பார்ப்போம்.

1904-இல் கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கியை நம் பெற்றோர் நன்கு அறிவர். 2018 பிப்ரவரியில் கணினித் திருடர்கள் அவ்வங்கியின் அமைப்பினுள் புகுந்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலி உத்தரவுகளை அனுப்பினர். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர்! உத்தரவுகள் போனதற்கான ஒப்புதல் அச்சாகி வெளிவரக்கூடாது என்று அச்சுப் பொறியையும் செயலிழக்கச் செய்திருந்தனர். மறுநாள் ஊழியர்கள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் மோசடி வெளிப்பட்டது. துபாய்க்குப் போகவிருந்த தொகை உடனே தடுக்கப்பட்டது.

எத்தனையோ இயந்திரங்கள் இருந்தும், களவைக் கண்டுபிடித்தது கணக்கை ஒத்துப்பார்க்கும் பழைய வழக்கமே. நம் தாத்தாக்கள் கடை மூடுமுன் பேரேட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். இப்போதோ, வங்கியிலிருந்து செய்தி வரும் என்ற நம்பிக்கையில் அதைப் பலர் விட்டுவிட்டனர். எங்கள் பள்ளி அலுவலகத்தில் அருட்சகோதரி ஒருவர் கணினி ரசீது போக, நோட்டுப் புத்தகத்திலும் நாள்தோறும் தொகையை எழுதி வருகிறார். பார்த்துச் சிரிப்போரும் உண்டு. சிரிக்க அதில் ஒன்றுமில்லை என்பது எங்கள் கருத்து.

இனி ஒரு சிறிய இடத்துக்கு வருவோம். மயிலாப்பூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை. தை மாத முகூர்த்தங்களுக்குச் சற்று முன்பு, ஆர்டர் என்ற பெயரில் வந்த மின்னஞ்சலில் இருந்த கோப்பை அவருடைய பணியாளர் திறந்தார். சிறிது நேரத்தில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பிட்காயினில் பணம் கொடுத்தால் திறந்துவிடுகிறோம் என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. இதற்கு ரான்சம்வேர் என்று பெயர். திருடன் பொருளை எடுத்துப்போவதில்லை. நம் அறையிலேயே வைத்துத் தன் பூட்டைப் போட்டுவிடுகிறான். பணம் கொடுத்தாலும் சாவி வரும் என்பது நிச்சயமில்லை.

அவர் நகல் எடுத்து வைக்காதவர் அல்லர். தனி ஹார்டு டிஸ்கில் எல்லாம் இருந்தது. ஆனால் அது எந்நேரமும் கணினியில் செருகியே இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது! முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியுமா? வாடிக்கையாளர்கள் பிழை திருத்திக் கையெழுத்திட்ட புரூஃப் தாள்கள் கம்பியில் குத்தியிருந்தன. அவற்றைப் பார்த்துக் குடும்பமே மூன்று இரவு உட்கார்ந்து மீண்டும் தட்டச்சு செய்தது. இன்று அவரிடம் இரண்டு டிஸ்குகள் உள்ளன. நகல் எடுத்ததும் கழற்றப்பட்டு, ஒன்று நாள்தோறும் மந்தைவெளியிலுள்ள வீட்டுக்குப் போகிறது.

இவ்வகைத் தாக்குதலில் உலகறிந்தது 2017 மே 12-ஆம் நாள் தொடங்கிய வான்னகிரை. 150-க்கும் மேற்பட்ட நாடுகள் பாதிக்கப்பட்டன. இதில் வேதனை என்னவென்றால், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டனர். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினியில் டாலி கணக்கு வைத்திருக்கும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருட்டு மென்பொருளைப் பற்றித் தனியாக என்ன சொல்ல? திருடனிடமே பூட்டு வாங்குவது போன்றதுதான்.

தியாகராய நகரில் தீபாவளிக் கூட்டத்தில் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வாடிக்கையாளர் கைப்பேசித் திரையை நீட்டி "பணம் போட்டாச்சுங்க" என்கிறார். அது போலிச் செயலியின் படமாகவும் இருக்கலாம். ஆகவே தம் வங்கிக் கணக்கையோ, தொகையை உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸையோதான் கடைக்காரர் நம்பவேண்டும். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், பல கடைகளின் கியூ.ஆர். அட்டைகள் மீது இரவோடிரவாக வேறு அட்டைகளை ஒட்டிவிட்டனர். ஸ்கேன் செய்த ஒரு வாடிக்கையாளருக்கு வேறு பெயர் தெரியவே சூது வெளிப்பட்டது. கடை திறந்ததும் தம் அட்டையைத் தாமே ஒருமுறை ஸ்கேன் செய்து பெயரைப் பார்க்க அரை நிமிடம் போதும். இன்னொன்று: பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கேட்பவன் திருடனே.

அடையாற்றில் வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் செய்யும் அம்மாக்களுக்கு வேறு வகைத் தொல்லை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள்" என்று நெசவாளர் பெயரில் செய்தி வரும். பதில் எழுதாமல், ஏற்கெனவே தம்மிடமுள்ள பழைய எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புவதே நல்லது. கல்யாண அழைப்பு என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடவே கூடாது. அழைப்பிதழைப் படிக்க யாரும் செயலி நிறுவச் சொல்லமாட்டார்கள்.

கடவுச்சொல்லாகக் கடைப் பெயரும் 123-உம் வைப்போர் இங்கிலாந்தின் கே.என்.பி. நிறுவனத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1865-இல் தொடங்கி ஏறத்தாழ 500 லாரிகள் ஓட்டிய நிறுவனம் அது. ஓர் ஊழியரின் எளிய கடவுச்சொல்லை ஊகித்தே திருடர்கள் நுழைந்தனர் என்று கருதப்படுகிறது. 2023-இல் அது மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலை இழந்தனர். நீண்ட கடவுச்சொல்லும், அதற்குமேல் கைப்பேசியில் வரும் இரண்டாம் எண்ணும் இருந்தால் உள்ளே வருவது கடினம். கடைப் பையன் வேலையை விட்டுப் போனால் கடைச் சாவியைக் கேட்டு வாங்குகிறோம். கடவுச்சொல்லையும் அன்றே மாற்றவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. 1930 என்ற எண்ணை உடனே அழைத்து, வங்கிக்கும் சொல்லவேண்டும். போன பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவி எடுக்கப்படுவதற்குள் அதை நிறுத்தி வைக்க முயல்வதே அவர்கள் பணி. ஆகையால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும். கணினியில் பூட்டு விழுந்தால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டிப்பதே முறை. தோழியரே, கடையில் கல்லாவுக்கு மேலே சிலிண்டர் எண்ணும் மின்வாரிய எண்ணும் எழுதியிருக்கும் அட்டையில் இந்த 1930-ஐயும் பெரிய எழுத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமலும் தெரியவேண்டும்.