எஸ்சிநெட்

எஸ்சிநெட் என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நடைபெறும் எஸ்சி மாநாட்டுக்காக அமைக்கப்படும் தற்காலிகக் கணினி வலையமைப்பு ஆகும். எஸ்சி என்பது மீத்திறன் கணினிகள், வலையமைப்பு, தரவுச் சேமிப்பு ஆகியவை பற்றிய பன்னாட்டு மாநாடு. எஸ்சிநெட்டைத் திட்டமிட ஏறத்தாழ ஓராண்டு ஆகின்றது. ஆனால் அது ஒரு வார அளவே இயங்குகின்றது. மாநாடு முடிந்த ஒரு நாளுக்குள் கழற்றப்படுகின்றது.

வரலாறு

முதல் மாநாடு 1988 ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ நகரில் நடந்தது. எஸ்சிநெட் 1991 இல் தொடங்கப்பட்டது. மாநாடு வெவ்வேறு நகரங்களில் நடப்பதால் ஒவ்வோர் ஆண்டும் வலையமைப்பு புதிதாகக் கட்டப்படுகின்றது.

தேவை

மாநாட்டு மண்டபங்களில் வழக்கமாக உள்ள இணைய இணைப்பு, மின்னஞ்சல் போன்ற பயன்பாடுகளுக்குப் போதுமானது. இங்கு இருவகைத் தேவைகள் ஒரே நேரத்தில் எழுகின்றன. ஒன்று, ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் மடிக்கணினிகளையும் செல்பேசிகளையும் இணைப்பது. மற்றொன்று, தொலைவிலுள்ள ஆய்வுக்கூடங்களின் பெருந்தரவை அரங்கிற்குக் கொண்டுவந்து நேரடியாகச் செய்து காட்டுவது.

கம்பியில்லா இணைப்பு

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் அமெரிக்காவில் மூன்றே உள்ளன. கண்காட்சியாளர் ஒவ்வொருவரும் தமது அணுகுபுள்ளியை நிறுவினால், குறுக்கீட்டால் எவருக்கும் இணைப்புக் கிடைக்காது. எனவே பெரிய மாநாடுகளில் அணுகுபுள்ளிகளை ஒரே குழு நிறுவுவதே நல்லது. குறைந்த திறனில் ஒலிபரப்பும் பல அணுகுபுள்ளிகளை நெருக்கமாக வைத்தால், ஒவ்வொன்றின் எல்லையும் சுருங்கி, ஒரே தடத்தை அரங்கின் வேறு பகுதியில் மீண்டும் பயன்படுத்த முடிகின்றது.

ஒளியிழை இணைப்பு

பெருந்தரவு ஒளியிழை வழியாகவே காட்சிக்கூடங்களை அடைகின்றது. நெடுந்தொலைவில் மிகு வேகத்தில் தரவு செல்லும்போது, சிறிதளவு பொட்டல இழப்பும் வேகத்தைப் பன்மடங்கு குறைத்துவிடும். இழை முனையில் படியும் தூசியே இதற்குக் காரணமாகலாம். ஆகவே முனைகளைத் துடைத்துச் சோதித்த பின்னரே இணைக்க வேண்டும்.

2000 ஆம் ஆண்டு டாலஸ் மாநாட்டில், பட்டையகலத்தை மிகுதியாகப் பயன்படுத்துவோருக்கான போட்டியில், லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகக் குழு நொடிக்கு 1.48 கிகாபிட் வேகத்தை எட்டியது. 2005 இல் சியாட்டிலில் கால்டெக் தலைமையிலான துகள் இயற்பியல் குழுவின் உச்ச வேகம் 150 கிகாபிட்டைத் தாண்டியது. 2024 இல் அட்லாண்டாவில் வெளியுலகுடன் எஸ்சிநெட் கொண்டிருந்த இணைப்புகளின் மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 8.71 டெராபிட் ஆகும்.

தன்னார்வலர்கள்

பல்கலைக்கழகங்கள், தேசிய ஆய்வகங்கள், நிறுவனங்கள் ஆகியவற்றைச் சேர்ந்த தன்னார்வலர்கள் இதனை அமைக்கின்றனர். திசைவிகள் முதலிய கருவிகளை உற்பத்தியாளர்கள் இரவலாகத் தருகின்றனர். சந்தைக்குப் புதிதான கருவிகள் உண்மையான நெருக்கடியில் சோதிக்கப்படுவது இதனால் இரு தரப்பிற்கும் கிட்டும் பயன். வலையமைப்புத் துறையில் பெண்களின் பங்கை உயர்த்த, அவர்களை இக்குழுவில் இணைத்துப் பயிற்றும் திட்டம் 2015 இல் தொடங்கியது.

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மாநாடு முழுவதும் இணையவழியில் நடந்தது. 2021 இல் செயின்ட் லூயிஸ் நகரில் மாநாடு மீண்டும் நேரடியாகவும் இணையவழியிலும் நடைபெற்றது.