பழைய கணிப்பொறிக்குப் புதிய செயலி

உங்கள் பழைய மேசைக் கணிப்பொறி மெதுவாக இயங்குகிறதா? அதன் மூளையான செயலியை மட்டும் மாற்ற எண்ணுகிறீர்களா? பணம் கொடுக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுங்கள்.

முதலாவது, பொருந்துமா? இன்டெல் நிறுவனத்தின் 6, 7-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகளுக்கு 1151 தொடுமுனைகள். 2017-இல் வந்த 8-ஆம் தலைமுறைக்கும் அதே 1151தான். ஆனால் சில முனைகளின் பணி மாறிவிட்டது. பழைய தாய்ப்பலகையில் அது உட்காரும், இயங்காது!

இரண்டாவது, பலகை அதனை அடையாளம் காணுமா? மின்சாரம் பாய்ந்ததும் முதலில் இயங்கும் பயாஸ் நிரல் அச்செயலியை அறிந்திருக்கவேண்டும். தொழிற்சாலையிலேயே இணைத்து விற்கப்படும் கணிப்பொறிக்கு, அதன் தயாரிப்பாளர் வெளியிடும் பயாஸே பெரும்பாலும் கதி.

மூன்றாவது, வெப்பம் வெளியேறுமா? இரு உள்ளகங்களுடைய ஐ3-6100 செயலிக்கு 51 வாட். நான்கு உள்ளகங்களுடைய ஐ7-6700-க்கு 65 வாட். எரியும் 60 வாட் குமிழ் விளக்கைத் தொட்டால் கை சுடுமல்லவா? அத்தகைய வெப்பம் விரல்நக அளவுச் சிலிக்கானிலிருந்து வெளியேறவேண்டும்! இடையில் காற்று தங்கினால் வெப்பம் எளிதில் கடக்காது. எனவே பழைய பசையைத் துடைத்து, வெப்பங்கடத்தும் புதுப்பசை தடவுவது இன்றியமையாதது.

மூன்றுக்கும் ‘ஆம்’ எனில் துணிந்து மாற்றுங்கள். ஒன்றுக்கேனும் ‘இல்லை’ எனில் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்!